பழைய ட்ரக்கில் எல்இடி பின்விளக்கு: வயரிங் பழுதுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது, எழுபது ஆண்டுப் பழைய பிக்கப் ட்ரக்கைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டுபவர்கள், என்ஜினும் பெயின்ட்டும் முடிந்து வண்டி உருண்டு வெளியே வரும் கட்டத்தில்தான் பெரும்பாலும் பின்விளக்கைக் கையில் எடுக்கிறார்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்இடியைச் செருகியதும், அதுவரை ஒழுங்காக இருந்த சுற்று அடம்பிடிக்கத் தொடங்குகிறது. அப்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உலோக உடலோடு இணைந்த) வண்டியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. 6 வோல்ட் வண்டிக்குத் தனிக் கேள்வி உண்டு.

கேள்வி: பல்ப் இருந்தவரை எல்லாம் சரியாக எரிந்தது. எல்இடி மாற்றிய பிறகுதான் கோளாறு. அப்படியானால் எல்இடிதானே பழுது?

பெரும்பாலும் இல்லை. இவ்வகை வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 1157 எண் பல்பில் இரண்டு ஃபிலமென்ட்டுகள் உண்டு. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் உரிய பெரிய ஃபிலமென்ட் ஏறத்தாழ 2 ஆம்பியரும், இரவில் எரியும் டெய்ல் ஃபிலமென்ட் ஏறத்தாழ 0.6 ஆம்பியரும் இழுக்கும். அதே ஹோல்டரில் செருகும் எல்இடி, பிரேக் அழுத்திய நிலையிலும் பொதுவாக அரை ஆம்பியரைத் தொடாது. கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது. ஃபிலமென்ட் என்பது வெறும் கம்பிச் சுருள். மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், சில மில்லி ஆம்பியர் கசிவு அதைச் சிவக்கக்கூட வைக்காது, அணைந்திருக்கும்போது அது மற்றொரு விளக்குக்கு எர்த் வழியாகவும் பயன்படும். எல்இடி ஒரு திசையில் மட்டுமே கடத்தும், சில மில்லி ஆம்பியரிலேயே ஒளிரும், பிறருக்குப் போதிய எர்த் வழி தராது. ஆகவே பழைய பல்ப் இத்தனை ஆண்டுகளாக விழுங்கிக்கொண்டிருந்த வயரிங் குறைகளை எல்இடி வெளியே துப்பிக் காட்டுகிறது என்று கொள்வதே பொருத்தம். புதிய விளக்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அதைக் கழற்றி நேரடியாக பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் குற்றம் வண்டியில் இருக்கிறது.

கேள்வி: சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எர்த்திலிருந்து. ஃபியூஸையோ ஸ்விட்சையோ பார்க்கத் தோன்றும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் எர்த்தைப் பாருங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பெரும்பாலான ட்ரக்குகளில் பின்விளக்குக்குத் தனி எர்த் வயர் கிடையாது. விளக்கின் உலோகக் கூடு பிராக்கெட்டைத் தொட்டது, பிராக்கெட் லோடு பாடியைத் தொட்டது, பாடி போல்ட்டுகள் வழியாகச் சேஸியைத் தொட்டது, சேஸி பேட்டரியின் நெகட்டிவைத் தொட்டது. மாற்றிக் கட்டும்போது நாம் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கை வைக்கிறோம். சேஸிக்குப் பவுடர் கோட்டிங், பாடிக்கு மூன்று அடுக்குப் பெயின்ட், பாடிக்கும் சேஸிக்கும் நடுவே புதிய ரப்பர் புஷ், சில வண்டிகளில் பின் மட்கார்டே ஃபைபர் கிளாஸ். இவை எல்லாமே மின்சாரத்தைத் தடுக்கும் பொருள்கள். அழகு கூடக் கூட எர்த் குறைகிறது.

நான் கட்டிய வண்டி ஒன்றில் இடது விளக்கு மட்டும் காலையில் எரியும், சிறிது தூரம் ஓட்டினால் அணைந்துவிடும். இரண்டு மாலைகள் பிரேக் ஸ்விட்சையும் அதன் வயரையும் சந்தேகித்துக் கழித்தேன். கடைசியில் பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பவுடர் கோட்டிங் வாஷரின் இரு பக்கமும் கண்ணாடி போல் பளபளத்தது. போல்ட்டின் மரையில் இரண்டு சுற்று மட்டும் உலோகத்தை உரசிய தடம் தெரிந்தது. விளக்கின் எர்த் முழுவதும் அந்த இரண்டு மரைச் சுற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதிர்வில் அதுவும் விலகியிருக்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு விளக்கின் கூட்டிலிருந்தும் 1.5 சதுர மி.மீ. தடிமனுள்ள தனி வயர் ஒன்றைச் சேஸிக்கு இழுத்து வாருங்கள். சேஸியில் நாணய அளவு இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பின் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசி ஈரம் புகாமல் மூடுங்கள். பிறகு சேஸிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே தடித்த கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு மட்டும் கேபிள் போட்டுவிட்டுச் சேஸியை மறந்த வண்டிகள் ஏராளம். என்ஜினும் ரப்பர் மவுண்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ஹோல்டரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் விளக்கு எரியவில்லை அல்லது மங்கலாக எரிகிறது. இது எப்படி?

மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதனிடம் கேட்ட கேள்வி தவறு. மல்டிமீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், அது சுற்றிலிருந்து மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். பத்தொன்பது இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரிலும், பச்சை படிந்த கனெக்டரிலும்கூட அது முழு 12 வோல்ட்டைக் காட்டும்.

சுமை வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சிறந்த கருவி, நீங்கள் கழற்றிப்போட்ட பழைய 1157 பல்ப். அதைத் திரும்பச் செருகுங்கள், ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் சிவப்பு முனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டைச் சுற்றி நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அடுத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஹோல்டரின் பிரேக் முனைக்கும் இடையே அளந்தால், ஸ்விட்சும் கனெக்டர்களும் சேர்ந்து எவ்வளவை விழுங்குகின்றன என்பது தெரியும்.

இதே அளவீட்டை எல்இடியை வைத்துக்கொண்டு செய்தால் ஏமாந்துபோவீர்கள். வழியில் 1 ஓம் தடை இருந்தால், பல்ப் எரியும்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும், 0.2 ஆம்பியர் இழுக்கும் எல்இடியில் வெறும் 0.2 வோல்ட்தான் இறங்கும், அது கண்ணில் படாது. அந்த ஒரு ஓம் அடுத்த மழைக்காலத்தில் நூறு ஓம் ஆகும்போதுதான் விளக்கு மங்கும். எல்இடி போட்ட பிறகும் பழைய பல்ப் ஒன்றைக் கருவிப் பெட்டியில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: ஒரு பக்க இண்டிகேட்டரைப் போட்டால் இரண்டு பக்கமும் சிமிட்டுகிறது. ஹசார்டு ஸ்விட்சைத் தொடவே இல்லை. ஏன்?

டேஷ்போர்டில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைலட் விளக்கு (இண்டிகேட்டர் சிமிட்டுவதை ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடை அங்கேதான். அந்தச் சிறு பல்ப் எர்த்தோடு இணைக்கப்படவில்லை. அதன் ஒரு முனை இடது பக்க வயரிலும் மறு முனை வலது பக்க வயரிலும் இருக்கிறது. இடது சிமிட்டும்போது, மின்சாரம் பைலட் வழியாக வலது பக்கத்துக்குப் போய், அங்கே அணைந்திருக்கும் ஃபிலமென்ட்டுகளை எர்த்தாகப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஃபிலமென்ட்டுகளை எரிய வைக்க அந்தச் சிறு மின்னோட்டம் போதாது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. சிக்கனமான, அழகான ஏற்பாடுதான். இப்போது வலது பக்கம் எல்இடி. பைலட் வழியாக வரும் அந்தச் சிறு மின்னோட்டமே அதற்குத் தாராளம்.

தீர்வுக்கு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 வகை டயோடு இரண்டு போதும். பைலட்டை இரு வயர்களிலிருந்தும் கழற்றி, அதன் ஒரு முனையை நேரடியாக எர்த்தில் சேருங்கள். இடது வயரிலிருந்து ஒரு டயோடு, வலது வயரிலிருந்து ஒரு டயோடு, இரண்டின் வெள்ளிக் கோடு உள்ள முனைகளும் ஒன்றுசேர்ந்து பைலட்டின் மறு முனைக்குச் செல்ல வேண்டும். கோடு பைலட்டை நோக்கி இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பைலட் ஹோல்டர் உலோகமாக இருந்து, அதன் கூடே ஒரு முனையாக இருந்தால், டேஷ்போர்டைத் தொடும் அந்தக் கூடே எர்த் ஆகிவிடும்; வேலை இன்னும் சுலபம்.

கேள்வி: இண்டிகேட்டர் எரிகிறது, ஆனால் சிமிட்டவில்லை. சில நேரம் மிக வேகமாகச் சிமிட்டுகிறது.

பழைய ஃபிளாஷர் டப்பாவுக்குள் இருப்பது வெப்பத்தால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. பல்புகள் இழுக்கும் மின்சாரமே அதைச் சூடாக்கிச் சுற்றைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் சேர்க்கிறது. எல்இடி இழுக்கும் அளவில் பட்டை சூடாவதே இல்லை. ஆகவே விளக்கு நிலையாக எரிந்துகொண்டே நிற்கிறது. வேகமாகச் சிமிட்டினால், உங்கள் வண்டியில் பல்ப் போனதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் இருக்கிறது என்று பொருள்; குறைந்த சுமையை அது பல்ப் பழுதாக எண்ணிக்கொள்கிறது.

சுமையைச் சார்ந்திராத, எல்இடிக்கென்றே உள்ள எலக்ட்ரானிக் ஃபிளாஷரை மாற்றுவதே என் பரிந்துரை. இதில் இரண்டு இடறல்கள் உண்டு. வெப்பப் பட்டைக்குத் திசை கிடையாது, எலக்ட்ரானிக்குக்கு உண்டு. பழைய சாக்கெட்டில் சப்ளை வயரும் சுமை வயரும் இடம் மாறியிருந்தால் புதியது வேலை செய்யாது. மேலும் அதற்கு எர்த் தேவை. தொங்கும் எர்த் வயரோ மூன்றாவது காலோ இருந்தால், அதை இணைக்காமல் விட்டுவிட்டு ஃபிளாஷரைக் குறை சொல்லக் கூடாது.

பழைய பல்பின் சுமையைப் போலியாகத் தரும் 6 ஓம், 50 வாட் லோடு ரெசிஸ்டரை ஒவ்வொரு பக்கமும் போடுவது இன்னொரு வழி. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டில் அது 2.3 ஆம்பியர் இழுத்து, 30 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாக்கும். தொட்டால் விரல் கொப்பளிக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் வெற்று உலோகத்தில் திருகி, வயர்க் கட்டும் பிளாஸ்டிக்கும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த மின்சாரத்துக்காக எல்இடி வாங்கிவிட்டு, மிச்சப்படுத்தியதை ரெசிஸ்டரில் எரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: பிரேக்கை அழுத்தினால் முன் இண்டிகேட்டர்களும் எரிகின்றன. அல்லது, புதிதாக வைத்த மூன்றாவது பிரேக் லைட் இண்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டுகிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. அமெரிக்க ட்ரக்குகளில் பின்பக்கப் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே ஃபிலமென்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. பிரேக் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் நேராகப் பின்னால் போகாமல், ஸ்டியரிங் காலத்தில் (ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டில்) உள்ள இண்டிகேட்டர் ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து இடது, வலது என்று பிரிகிறது. இண்டிகேட்டரைத் திருப்பும்போது அந்தப் பக்கத்துக்குப் பிரேக் துண்டிக்கப்பட்டு ஃபிளாஷர் இணைக்கப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் பாணி ஸ்டியரிங் காலம் பொருத்தியிருந்தால், வெள்ளை வயரில் பிரேக் உள்ளே வரும். மஞ்சள் இடது பின்பக்கத்துக்கும் கரும்பச்சை வலது பின்பக்கத்துக்கும் வெளியே போகும். இதை அறியாமல் பிரேக் வயரை நேராகப் பின்விளக்கில் சேர்த்துவிட்டால், பிரேக் மின்சாரம் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகத் திரும்பி முன்பக்கம்வரை போகும். பிரேக் அழுத்தியிருக்கும் நேரத்தில் சிமிட்டலும் தெரியாது.

மூன்றாவது பிரேக் லைட்டுக்கான வயரைப் பின்விளக்கிலிருந்து எடுக்காதீர்கள். பிரேக் ஸ்விட்சுக்குப் பிறகு, இண்டிகேட்டர் ஸ்விட்சுக்கு முன்பு உள்ள வயரிலிருந்து எடுங்கள்; அங்கே பிரேக் மட்டுமே வரும். பின்னால் தனி மஞ்சள் இண்டிகேட்டர் வைக்க விரும்பினால், பிரேக் வயரை இண்டிகேட்டர் ஸ்விட்சில் சேர்க்காமல் நேராகச் சிவப்பு விளக்குக்கு இழுத்து, அந்த ஸ்விட்சிலிருந்து பின்னால் போகும் வயர்களை மஞ்சளுக்குக் கொடுத்தால் முடிந்தது.

கேள்வி: டெய்ல் லைட் எரியும்போது பிரேக் அழுத்தினால் வேறுபாடே தெரியவில்லை.

முதலில் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் டெய்ல் ஏற்கெனவே முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும், பிரேக்குக்குக் கூட்ட எதுவும் மிஞ்சாது. 1157 பல்பின் இரு பக்க ஊசிகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது தலைகீழாகச் செருகக் கூடாது என்பதற்காகவே. ஆனால் தேய்ந்த ஹோல்டரில் தவறான பக்கமாகவும் திருகிவிட முடியும். வயரிங் சரியாக இருந்தும் வேறுபாடு தெரியாவிட்டால் அந்த எல்இடியே தரக்குறைவானது, மாற்றிவிடுங்கள். பின்னால் வரும் வண்டிக்காரர் நம் பிரேக்கைப் பார்க்காத நிலையில் சமரசத்துக்கு இடமில்லை.

மலிவான சில எல்இடிகளில் இன்னொரு குறையும் உண்டு. டெய்ல் முனைக்கும் பிரேக் முனைக்கும் இடையே உள்ளே டயோடு வைக்காததால், டெய்ல் லைட்டைப் போட்டதும் மின்சாரம் பிரேக் வயரில் பின்னோக்கிக் கசியும். ஹோல்டரின் பிரேக் வயரை மட்டும் கழற்றி, டெய்லைப் போட்டு, எல்இடியின் பிரேக் முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்; அங்கே ஒளி தெரிந்தால் விளக்கின் குற்றம்தான்.

கேள்வி: எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எல்இடி இலேசாக ஒளிர்கிறது.

எங்கிருந்தோ சில மில்லி ஆம்பியர் கசிகிறது. எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி, ட்ரெய்லர் கன்வெர்ட்டர், உள்விளக்கு உள்ள ஸ்விட்ச் ஆகியவை வழக்கமான சந்தேகத்துக்குரியவர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஒளி மறைகிறதோ அதுதான். அது கட்டாயம் தேவையான கருவி என்றால், விளக்கு வயருக்கும் எர்த்துக்கும் இடையே 1,000 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால் கசிவு அதன் வழியாக இறங்கிவிடும். 14 வோல்ட்டில் அது வெறும் 14 மில்லி ஆம்பியர் இழுக்கும், சூடாகாது. பழைய பிரேக் ஸ்விட்சுக்குள் ஈரமும் துருவும் இருந்து கசிந்தால் மட்டும் ரெசிஸ்டரால் மூடி மறைக்காமல் ஸ்விட்சை மாற்றுங்கள்.

கேள்வி: என் வண்டி 6 வோல்ட். எல்இடி போடலாமா?

போடலாம், ஆனால் எர்த் எந்த முனை என்பதை முதலில் பாருங்கள். ஃபோர்டு ட்ரக்குகள் 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956இல்தான் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. ஷெவர்லே ட்ரக்குகள் 6 வோல்ட் காலத்திலும் நெகட்டிவ் எர்த்தாகவே இருந்தன. 1955 மார்ச்சில் வந்த புதிய வரிசையோடு 12 வோல்ட்டுக்கு மாறின. பாசிட்டிவ் எர்த் வண்டியில் சாதாரண எல்இடி தலைகீழாக உட்கார்ந்ததுபோல் ஆகும், எரியாது. அதற்கென்றே செய்த 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த் எல்இடியை வாங்க வேண்டும், அல்லது வண்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். விளக்குக்காக மட்டும் எர்த் முனையைத் திருப்பிப்போடுவது ஜெனரேட்டர், அம்மீட்டர், இக்னிஷன் காயில் என்று நீளும் வேலை.

கேள்வி: பழைய விளக்குக் கூட்டுக்குள் நானே எல்இடி பலகை செய்து வைத்தேன். சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன.

ரெசிஸ்டரை 12 வோல்ட்டுக்குக் கணக்கிட்டிருப்பீர்கள். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவுக்கு ஏறும். ஒவ்வொன்றும் 2 வோல்ட் எடுக்கும் மூன்று சிவப்பு எல்இடிகளைத் தொடராக வைத்தால் 6 வோல்ட் போக, மீதியை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று கணக்கிட்டால் 300 ஓம் வரும். அதே ரெசிஸ்டரில் 14.4 வோல்ட் கிடைத்தால் 28 மில்லி ஆம்பியர் பாயும், அதாவது 40 விழுக்காடு கூடுதல். 14.4 வோல்ட்டுக்கே கணக்கிட்டு 420 ஓமுக்கு அடுத்த பெரிய மதிப்பாகிய 430 அல்லது 470 ஓம், அரை வாட் போடுங்கள். தலைகீழ் மின்னழுத்தத்துக்கு எதிராகத் தொடரில் ஒரு டயோடும் இருக்கட்டும்.

கேள்வி: சிவப்பு லென்ஸுக்கு வெள்ளை எல்இடி போடலாமா?

வேண்டாம். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்பு குறைவு. சிவப்பு லென்ஸ் மற்ற நிறங்களைத் தடுத்துவிடுவதால் வெளிச்சம் குறைந்து, நிறமும் வெளிறித் தெரியும். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே வேண்டும். பழைய கூட்டின் பிரதிபலிப்பான், பக்கவாட்டில் ஒளி சிந்தும் ஃபிலமென்ட்டுக்காக வளைக்கப்பட்டது. ஆகவே முனையில் மட்டுமன்றிச் சுற்றிலும் எல்இடி உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மின்சாரம் குறைந்துவிட்டதால் மெல்லிய வயரும் பழைய ஃபியூஸும் போதுமா?

ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரைத்தான். வயரை மெலிதாக்கினால் ஃபியூஸையும் குறைக்க வேண்டும். எல்இடி மட்டுமே உள்ள பின்விளக்குச் சுற்றுக்கு 5 ஆம்பியர் தாராளம். ஆனால் சேஸியின் மேல் அதிர்வில் ஓடும் வயருக்கு வலிமையும் தேவை என்பதால், 0.75 சதுர மி.மீ.க்குக் கீழே இறங்க நான் துணிவதில்லை. துணி சுற்றிய பழைய வயர் விரலால் வளைக்கும்போது உதிர்ந்தால், ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றுங்கள். சேஸியில் வயர் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் நீல நிறக் கிளிப்பை வண்டிக்கு அடியில் பயன்படுத்தாதீர்கள்; அது சில இழைகளை அறுத்துவிட்டு ஈரத்தையும் உள்ளே விடும். நன்றாகக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுவதே நிலைக்கும்.

கேள்வி: மழையில் மட்டும் விளக்கு தகராறு செய்கிறது.

லென்ஸின் கீழ்ப்புறம் நீர் வடியும் சிறு துளை இருக்க வேண்டும். பெயின்ட்டோ புட்டியோ அதை அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். விளக்கைக் கழற்றிச் சேர்க்கும்போது லென்ஸ் தலைகீழாகிவிட்டால் அந்தத் துளை மேலே போய் மழையை உள்ளே வாங்கும்; வட்டமான லென்ஸ்களில் இது எளிதாக நடந்துவிடும். ஹோல்டரின் அடியில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், பல்பைவிட எடை கூடிய எல்இடி குலுங்கித் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பார்க்காமல், தொழிற்சாலைக் காலத்து ஹோல்டரையே மாற்றிவிட்டு, தொடர்பு முனைகளில் ஈரத்தைத் தடுக்கும், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிசாகத் தடவிச் செருகுங்கள்.